கட்டி முடித்தும் போகாத கடன் பதிவு: சிபில் அறிக்கையை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, காட்பாடியில் என் வீட்டுக்கு ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான தாளைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்பவர், குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருப்பவர், கம்மவான்பேட்டையிலிருந்து வரும் முன்னாள் ராணுவ வீரர் என்று ஆட்கள் மாறினாலும் சொல்லும் வாக்கியம் மாறுவதில்லை: "சிபில் அடிபட்டுவிட்டது என்று லோன் தர மாட்டேன் என்கிறார்கள்." அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்து கொடுத்ததையே இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

எந்த அறிகுறிக்கும் முன்பாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். யார் கடனை எப்படிக் கட்டினார்கள் என்ற விவரத்தைத் தொகுத்து வைக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் எழுதுவதில்லை; கடன் கொடுத்தவர் அனுப்புவதைப் பதிவு செய்கிறது, அவர் ஒப்புக்கொள்ளாமல் அதை மாற்றவும் அதனால் முடியாது. ஆகவே தவறான பதிவை எழுதியவரிடமே ஆதாரத்தோடு போக வேண்டும். உண்மையான பதிவை எவரும் அழித்துத் தர முடியாது. பணம் வாங்கிக்கொண்டு பத்தே நாளில் சிபிலைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் தரகர்கள் செய்வதெல்லாம், நீங்கள் இலவசமாகக் கொடுக்கக்கூடிய அதே புகாரை உங்கள் பெயரில் கொடுப்பதுதான். அதற்காக அவர்களிடம் ஆதார், பான், ஓ.டி.பி. மூன்றையும் கொடுத்துவிட்டு வேறு சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் எடுக்க வேண்டிய தாள்கள்

டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலண்டர் ஆண்டில் ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள விதி. சொந்த அறிக்கையை எடுத்துப் பார்ப்பதால் சிபில் ஸ்கோர் எனப்படும் கடன் மதிப்பெண் குறையாது. வங்கி மேலாளர் தன் திரையில் காண்பதை மட்டும் நம்பி வராதீர்கள்; மற்ற நிறுவனங்களில் நீங்கள் வாங்கிய கடன் அவருக்குப் பெயரில்லாமல்தான் தெரியும். நீங்கள் எடுக்கும் அறிக்கையில் கடன் கொடுத்தவரின் பெயர் இருக்கும்.

சிக்கலான பதிவில் ஆறு இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்: கடன் கொடுத்தவர் பெயர், கணக்குத் தொடங்கிய தேதி, கடைசியாகத் தகவல் அனுப்பிய தேதி, நிலுவைத் தொகை, கணக்கின் நிலை, அந்தக் கடனில் நீங்கள் கடன்தாரரா கூட்டுக் கடன்தாரரா ஜாமீன்தாரரா என்பது. அறிக்கையின் எண்ணையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், புகார் கொடுக்கும்போது அதைக் கேட்பார்கள்.

அறிகுறி: முழுவதும் கட்டிவிட்டேன், ஆனால் பாக்கி இருப்பதாகக் காட்டுகிறது

அதிகம் வருவது இதுதான். அதனால் இங்கே பொறுமையாகப் பாருங்கள்.

*தகவல் அனுப்பிய தேதி, கடைசித் தவணை கட்டிய தேதிக்கு முந்தையதா?* அப்படியானால் பெரும்பாலும் கோளாறே இல்லை. 2025 ஜனவரி முதல் கடன் நிறுவனங்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது தகவலைப் புதுப்பிக்க வேண்டும். அது அனுப்பப்பட்டு ஏறுவதற்கும் சில நாட்கள் பிடிக்கும் என்பதால் ஒரு மாதம் காத்திருந்து மீண்டும் பாருங்கள்.

*நிலுவைத் தொகை சில நூறு ரூபாய்தானா?* அப்படியானால் அது அசலோ வட்டியோ அல்ல, கட்டணம். குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மகனுடைய இரு சக்கர வாகனக் கடனைத் தன் பெயரில் வாங்கி, கடைசித் தவணை வரை கட்டியவர். ஏதோ ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பியதற்கு 500 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 590 ரூபாய் கணக்கில் நின்றுவிட்டது. அந்த 590 ரூபாய்க்காக, கடன் தீர்ந்து பல மாதங்கள் ஆன பிறகும் அவர் பெயரில் தாமத நாட்கள் ஏறிக்கொண்டே இருந்தன. ஒரு கடிதம் கூட அவருக்கு வரவில்லை. இப்படிப்பட்ட நிலையில் கடன் நிறுவனத்திடம் முழுக் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கி, அந்தக் கட்டணம் எந்தத் தேதியில் எதற்காக விழுந்தது என்று பாருங்கள். நியாயமானது என்றால் கட்டிவிட்டு ரசீதும் பாக்கியில்லாச் சான்றும் வாங்குங்கள். நியாயமற்றது என்றால் எழுத்தில் மறுத்து, கட்டணத்தை நீக்கவும் பதிவைத் திருத்தவும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். தொலைபேசியில் "பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வது எதற்கும் ஆதாரமாகாது.

*பாக்கியில்லாச் சான்று வாங்கினீர்களா?* என்.ஓ.சி. வாங்காமல் விட்டவர்களின் கணக்கு, பாக்கி பூஜ்யமாக இருந்தும் மூடப்படாமல் கிடப்பதுண்டு. வாகனக் கடன் என்றால், ஆர்.சி.யில் இருந்த ஹைப்போதிகேஷன் (வாகனம் கடனுக்கு ஈடாக உள்ளது என்ற குறிப்பு) வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீக்கப்பட்டிருந்தால் அதுவே நல்ல ஆதாரம். வீட்டுக் கடன் என்றால், கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும்; அவர்கள் பக்கத் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. பத்திரம் திரும்பி வந்ததற்கான ஒப்புகைச் சீட்டைப் புகாரோடு இணையுங்கள்.

*வசூலுக்கு வந்தவர் கையில் ரொக்கமாகக் கொடுத்தீர்களா?* ரசீது இருந்தால் அதன் எண்ணைக் குறிப்பிட்டுக் கிளையில் கேளுங்கள். பணம் வேறு கணக்கில் வரவு வைக்கப்பட்டிருப்பது உண்டு. ரசீது இல்லை, ஆனால் அவருடைய கைபேசி எண்ணுக்கு ஜி.பே. செய்தீர்கள் என்றால் அந்தப் பரிவர்த்தனை எண்ணும் அவர் அனுப்பிய செய்திகளும் ஆதாரம். இரண்டும் இல்லாமல், நிறுவனமும் வரவில்லை என்று மறுத்தால், வழக்கறிஞரைப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. அதற்கு முன் மறுபடியும் பணம் கட்டாதீர்கள்.

*கிரெடிட் கார்டா?* கார்டை மூடச் சொல்லிக் கேட்டால், பாக்கி இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதி. தவணை தவறியவர் என்று அறிக்கை அனுப்புவதற்கு முன் ஏழு நாள் அறிவிப்பும் கொடுக்க வேண்டும். கார்டை வெட்டிப் போட்டுவிட்டு மூடச் சொல்லிக் கேட்காமல் விட்டவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் ஏறி, அதுவே பாக்கியாக நிற்கும்.

அறிகுறி: நான் வாங்காத கடன் என் பெயரில் இருக்கிறது

பதறிக் காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். பாதி வழியிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடுகிறது.

*வங்கி பெயர் மாறியதா?* 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. அதே ஆண்டு நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவில் சேர்ந்தது. பழைய கடன் புதுப் பெயரில் நிற்பதைப் புதுக் கடன் என்று எண்ணி வருகிறவர்கள் உண்டு.

*கைபேசிச் செயலியிலோ கடையில் தவணையிலோ வாங்கினீர்களா?* செயலியின் பெயர் ஒன்றாகவும், பணம் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருக்கும். அறிக்கையில் வருவது நிதி நிறுவனத்தின் பெயர். கணக்குத் தொடங்கிய தேதியை ஒட்டிய வாரத்தில் உங்கள் பாஸ்புக்கில் அந்தத் தொகை வரவாகியிருக்கிறதா, அல்லது அந்த வாரத்தில் ஃபிரிட்ஜோ கைபேசியோ வாங்கினீர்களா என்று பாருங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு சோதனை வேறெதையும் விட விரைவாக விடை தருகிறது.

*ஜாமீன் போட்டீர்களா, பிள்ளையின் கல்விக் கடனில் கையெழுத்திட்டீர்களா?* கல்விக் கடனில் தந்தையோ தாயோ கூட்டுக் கடன்தாரர். பிள்ளை படிப்பை முடித்து வெளியூர் போய்த் தவணை கட்டாமல் விட்டால், பதிவு இருவர் அறிக்கையிலும் விழும். ஜாமீன்தாரருடைய பொறுப்பும் கடன்தாரருடையதற்குச் சமம் என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு சொல்கிறது. இதில் தவறு ஏதும் இல்லை. கடனைச் சீராக்குவதே வழி.

*மகளிர் குழுக் கடனா?* ஆதார் நகலும் வாக்காளர் அட்டை நகலும் குழுத் தலைவியிடம் கொடுத்து வைக்கும் பழக்கம் நம் கிராமங்களில் இருக்கிறது. ஒரு கடனுக்குக் கொடுத்த நகல், உறுப்பினருக்குத் தெரியாமல் இன்னொரு கடனுக்கும் போயிருப்பதைக் கண்டிருக்கிறேன். குழுவைக் கூட்டிப் பேசித் தீர்க்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். நிறுவனத்திடம் உங்கள் பெயரிலுள்ள விண்ணப்பம், புகைப்படம், பணம் போன கணக்கின் எண் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கணக்கு உங்களுடையதல்ல என்றால் உங்கள் பக்கம் வலுவாக நிற்கும். இந்த நுண்கடன்களில் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக்கூடாது. மற்ற கடன்களுக்கு வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது.

*உங்கள் பெயரில் இன்னொருவர் இருக்கிறாரா?* நம் ஊரில் இது மிக அதிகம், காரணமும் நம் ஊருக்கே உரியது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து மட்டும்தான். ஆதாரில் "எஸ். முருகன்" என்றும், பான் அட்டையில் தந்தை பெயர் விரிந்து "முருகன் சுப்பிரமணி" என்றும், வாக்காளர் அட்டையில் வெறும் "முருகன்" என்றும் இருப்பார். வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்களில் ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எழுதிக்கொண்ட பிறந்த தேதி, ஒரே தெருவில் இருவருக்கு ஒன்றாகவே அமைந்துவிடுவதும் உண்டு. போதாக்குறைக்கு 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்ததால், ஒரே வீட்டின் முகவரி ஒரு தாளில் ஒரு மாவட்டத்திலும் மற்றொன்றில் வேறொரு மாவட்டத்திலும் நிற்கிறது. இப்படிப்பட்ட நிலையில் அறிக்கையின் தனிநபர் விவரப் பகுதியைப் பாருங்கள். உங்களுடையதல்லாத பான் எண்ணோ, கைபேசி எண்ணோ, முகவரியோ அங்கே இருந்தால் இரண்டு பேருடைய விவரம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. புகாரில் "இந்தக் கடன் என்னுடையதல்ல" என்பதோடு நிறுத்தாமல், "இந்த முகவரியும் இந்த அடையாள எண்ணும் என்னுடையவை அல்ல" என்றும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் கடன் மட்டும் நீங்கும். அடுத்த முறை அந்த மற்றொருவர் வாங்கும் கடன் மீண்டும் உங்களிடம் வந்து சேரும்.

*மேலே உள்ள எதுவும் இல்லையா?* அப்படியானால் உங்கள் அடையாளத்தை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். உடனே 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குப் புகார் கொடுங்கள், உங்கள் மாவட்டக் காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவில் எழுத்துப் புகாரும் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீதின் நகலைக் கடன் நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். தொகை பெரிதாக இருந்தால் வழக்கறிஞரை அன்றே சேர்த்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: "ரிட்டன் ஆஃப்" என்று இருக்கிறது

இதில் நம் மொழியே ஒரு குழப்பத்தை உண்டாக்கிவிட்டது. அரசு விவசாயக் கடனை மன்னிப்பதையும் தள்ளுபடி என்கிறோம், வங்கி வாராக்கடனைத் தன் கணக்கேட்டிலிருந்து எடுத்துவிடுவதையும் தள்ளுபடி என்கிறோம். முதலாவதில் கடன் தீர்ந்துவிடும், இரண்டாவதில் தீராது. வங்கி தன் ஏட்டுக்காக எழுதிக்கொண்டது அது. உங்களிடம் வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கும். "பேங்க்காரங்களே தள்ளுபடி பண்ணிட்டாங்க" என்று நிம்மதியாக இருந்தவர்கள் புதுக் கடனுக்குப் போகும்போதுதான் இதை அறிகிறார்கள்.

தொகை உண்மையில் உங்களுடையதா என்று முதலில் மேலே சொன்ன வரிசையில் சரிபாருங்கள். உங்களுடையது என்றால், கட்டக்கூடிய முழுத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கி, கட்டிய பின் பதிவை என்னவாக மாற்றுவார்கள் என்பதையும் அதே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கடைசியாகப் பணம் கட்டி மூன்று ஆண்டுகளை நெருங்கிய அல்லது கடந்த பழைய கடன் என்றால், ஒரு ரூபாய் கட்டுவதற்கும், கடனை ஒப்புக்கொண்டு எதிலும் கையெழுத்திடுவதற்கும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். வழக்குத் தொடர எவ்வளவு காலம் உண்டு என்று சொல்லும் காலவரையறைச் சட்டத்தில், சிறு தொகையும் ஒப்புதலும் அந்தக் காலக் கணக்கைப் புதிதாகத் தொடங்கிவிடக்கூடும். காலவரையறை கடந்தாலும் பதிவு தானாக அழியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: "செட்டில்டு" என்று இருக்கிறது

குறைத்துக் கட்டி முடித்த கடனுக்கு இது சரியான பதிவு. புகார் கொடுத்தால் நிராகரிப்பார்கள். அடுத்து கடன் கொடுப்பவர் இதை முழுவதும் கட்டாதவர் என்றே படிக்கிறார். விட்டுக்கொடுத்த மீதித் தொகையைக் கட்டினால் "குளோஸ்டு" என்று மாற்றித் தருவதற்குப் பல நிறுவனங்கள் சம்மதிக்கின்றன, ஆனால் சம்மதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே எழுத்தில் உறுதி வந்த பிறகே பணம் போக வேண்டும். முழுவதும் கட்டியும் இப்படி வந்திருந்தால் கணக்கு விவரத்தோடு திருத்தம் கேளுங்கள்.

இனிமேல் செட்டில்மென்ட்டுக்குப் போக இருப்பவர்களுக்கு: வசூல்காரர் சொல்லும் "முடிஞ்சிடும்" என்ற சொல்லுக்கு, அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும் என்பதே பொருள்.

அறிகுறி: ஒரே கடன் இரண்டு பெயர்களில் நிற்கிறது

வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு வங்கி அந்தக் கடனை விற்றிருக்கும். விற்ற பிறகு இரண்டு இடத்திலும் நிலுவை காட்டக்கூடாது. தொடங்கிய தேதியும் தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, விற்றவரிடம் தன் பதிவில் நிலுவையைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். பணம் கட்டுவதானால், கடன் கைமாறியதற்கான கடிதத்தைப் பார்க்காமல் புதியவருக்குக் கட்டாதீர்கள்.

அறிகுறி: கடன் மூடப்பட்டுவிட்டது, ஆனால் பழைய தாமத நாட்கள் தெரிகின்றன

அவை உண்மையானவை என்றால் அப்படியே இருக்கும். 36 மாதங்களுக்கான மாதக் கணக்கு அறிக்கையில் தெரியும். புது மாதங்கள் ஒழுங்காக வர வர பழையவை பின்னே போகும். குறிப்பிட்ட ஒரு மாதத்தில் தவறு என்றால் மட்டும் அந்த மாதத்துப் பாஸ்புக் பக்கத்தோடு கேளுங்கள்.

அறிகுறி: ஒரு கடன் தகவல் நிறுவனத்தில் சரியாகிவிட்டது, வங்கியில் இன்னும் மறுக்கிறார்கள்

வங்கி வேறொரு நிறுவனத்தின் அறிக்கையைப் பார்க்கிறது. நான்கிலும் தனித்தனியாகப் பாருங்கள். கடன் நிறுவனத்துக்கு எழுதும்போது நான்கிலும் திருத்தச் சொல்லி எழுதுங்கள்.

அறிகுறி: வழக்கு தொடரப்பட்டதாகக் காட்டுகிறது

இங்கே தாமாக எதையும் செய்து பார்க்க வேண்டாம். சத்துவாச்சாரியில் உள்ள ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால், கடன் தகவல் நிறுவனங்களில் பதிவைத் திருத்துவது கடன் கொடுத்தவர் பொறுப்பு, இத்தனை நாளுக்குள் என்று தீர்வின் வாசகத்திலேயே எழுதச் சொல்லுங்கள். லோக் அதாலத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை என்பதால், விடுபட்ட வாக்கியத்தைப் பிறகு சேர்ப்பது கடினம்.

அறிகுறி: புகார் கொடுத்தும் ஒன்றும் அசையவில்லை

முதலில் புகார் எங்கே போனது என்று பாருங்கள். கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் மட்டும் கொடுத்திருந்தால், கடன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மின்னஞ்சலிலோ ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள். ஒரு புகாரில் ஒரே கடன், ஒரே தவறு; இணைப்புகளுக்கு எண் போடுங்கள். கதையாக எழுதப்பட்ட நான்கு பக்கத்தை விட, தேதியோடு எழுதப்பட்ட பத்து வரிகளுக்கு விரைவாகப் பதில் வருவதைக் கண்டிருக்கிறேன்.

புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்க்கப்பட வேண்டும். அதில் கடன் நிறுவனம் 21 நாட்களுக்குள் திருத்திய விவரத்தை அனுப்ப வேண்டும். 30 நாள் கடந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, தாமதித்தவர் தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் உள்ளது. 31ஆம் நாள் அன்று இந்த இழப்பீட்டைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பலருக்குப் பதில் அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது.

அதற்கும் அசையவில்லை என்றால், அல்லது காரணம் சொல்லாமல் மறுத்தால், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் காலம் தாழ்த்தாமல் போங்கள். 2022 செப்டம்பர் 1 முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவர் எல்லைக்குள் வந்துவிட்டன. சி.எம்.எஸ். என்ற இணையவழியில் கொடுக்கலாம், கட்டணம் இல்லை, உதவிக்கு 14448. முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்ததற்கான ஆதாரம் இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விவகாரத்தையும் ஏற்க மாட்டார்கள்.

செலவு ஏறும் கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். அந்தப் பதிவால் வீட்டுக் கடன் மறுக்கப்பட்டு முன்பணம் போனது போன்ற உண்மையான இழப்பு இருந்து, அதற்குத் தாள் ஆதாரமும் இருந்தால் மட்டும் அங்கே போவதில் பொருள் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மனுவை நீங்களே கொடுக்கலாம் என்றாலும், இழப்பைக் கணக்கிட்டு எழுதுவதற்கு நுகர்வோர் வழக்குகளை நடத்திப் பழகிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் போகும்போது நான்கு அறிக்கைகள், முழுக் கணக்கு விவரம், புகார்களும் பதில்களும், கடனை மறுத்த வங்கியின் கடிதம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.